சித்ரலேகாவின் படமும் மாரிராஜின் மொட்டையும்

சித்ரலேகா எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டது கிடையாது. எட்டாம் வகுப்பில் சைக்கிள் பழக இறங்கி, முதல் நாளே முழங்கை பிசகி, கட்டுப்போட்ட கையோடு மறுவாரமே பாளையங்கோட்டைத் தெருவில் ஒற்றைக் கையால் ஓட்டியவள். கல்லூரி முடித்ததும் சென்னைக்குப் போய்த் திரைப்பட இயக்கம் படித்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பிறகு நான்கு வருஷம் இரண்டு இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்தாள். கதை சொல்லப் போன இடங்களில் காபி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். பதினோராவது காபிக்குப் பிறகு, இனி யாரிடமும் கேட்பதில்லை என்று ஊருக்கு வந்து தானே படம் எடுக்கத் தொடங்கினாள். அது 1997-ஆம் வருஷக் கோடை. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

கதை எளியது. ஒரு அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் ஆற்றுப் படித்துறையில் அப்பா முதலில் வாய் திறக்கிறார். அவ்வளவுதான். சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவில் ஒரு ஊரில் படப்பிடிப்பு. மகனாக நடித்தவன் அந்த ஊரில் டிராக்டர் ஓட்டும் மாரிராஜ். அப்பாவாக நடித்தவர், ஓய்வு பெற்ற தபால்காரர் பரமசிவன். கேமராவுக்கு மேலப்பாளையம் உமர் பாரூக், சித்ரலேகாவோடு சென்னையில் படித்தவன். அவளுடைய அண்ணன் ஐயம்பெருமாள், ஜங்ஷனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், கடையைப் பூட்டிவிட்டு வந்து ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டார். எந்தக் காட்சியில் யார் என்ன சட்டை, எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்று நோட்டில் எழுதி வைப்பதும் அவர் வேலைதான்.

நோட்டில் எழுதாத விஷயங்கள்தான் நடந்துகொண்டிருந்தன. முதல் வாரம், படத்தில் வரும் வீட்டின் சொந்தக்காரர், "படத்துல நல்லாத் தெரியட்டும்" என்று ராவோடு ராவாகச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். பழைய காரையைக் காட்டுவதற்காகவே தேடிப் பிடித்த வீடு அது. இரண்டாம் வாரம், தொழுவத்தில் நின்ற சினைமாடு இரண்டு காட்சிகளுக்கு நடுவே கன்று போட்டது. சுவருக்குச் செம்மண்ணும் சாணியும் கரைத்துப் பூசினாள் சித்ரலேகா. கன்றுக்குட்டியைக் கதையில் சேர்த்துக்கொண்டாள்.

வைகாசி விசாகத்தன்று மாரிராஜ் திருச்செந்தூர் போக ஒரு நாள் லீவு கேட்டான். "எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா" என்று அனுப்பினாள். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, சிரித்துக்கொண்டே திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினான்.

"மாரி, தலையில என்ன?"

"முடி குடுத்துட்டேன்க்கா."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"நீங்கதானக்கா எனக்கும் சேத்துக் கும்பிடச் சொன்னிய? சும்மா கும்பிட்டா போதுமா? படம் நல்லபடியா முடியணும்னு நேந்துக்கிட்டேன்."

உமர் பாரூக் கேமராப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "முருகன் நேத்தே முடிச்சு வச்சுட்டாருலே" என்றான்.

மாரிராஜுக்கு அப்போதுதான் விளங்கியது. கையால் தலையைத் தடவிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

முடி வளர மூன்று மாதமாகும். வாடகைக்கு எடுத்த கேமரா ஞாயிற்றுக்கிழமை சென்னை ரயிலில் போயாக வேண்டும். திங்கட்கிழமை வேறொரு கம்பெனி அதற்குச் சொல்லி வைத்திருந்தது. அன்று வெள்ளி. இந்த இரண்டு நாளைத் தவறவிட்டால் இன்னொரு கோடை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கன்று மாடாகிவிடும். மாரிராஜ் திருப்பூருக்கு வேலைக்குப் போவதாக இருந்தான். நின்றால் படம் நின்றதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஐயம்பெருமாள் பஸ் ஏறி டவுனுக்குப் போய், நாடகச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் புராண நாடகத்துக்கு மாட்டும் டோப்பா முடி ஒன்று வாங்கி வந்தார். தோள் வரை சுருள் சுருளாகத் தொங்கியது. மாரிராஜ் அதை மாட்டிக்கொண்டு நின்றான்.

பரமசிவன் சுற்றி வந்து பார்த்தார். "ஏ சித்ரா, இவன் இனிமே டிராக்டர் ஓட்டமாட்டான் பாத்துக்கோ. தேர்தான் ஓட்டுவான்."

தலையில் துண்டு கட்டலாம் என்றான் உமர். ஆற்றில் குளிக்கும் காட்சியில் துண்டோடு எப்படி முங்குவது? அதுவும் ஆகவில்லை.

சித்ரலேகா நோட்டை வாங்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். மொத்தம் முப்பத்துநாலு காட்சி. இருபத்துமூன்று முடிந்திருந்தது. மிச்சம் பதினொன்று. ஒன்பதில் மகன் வருகிறான். அந்த ஒன்பதில் இரண்டு மட்டும் கதையின் முன்பகுதி. ஏழும் கடைசிப் பகுதி. முன்பகுதி இரண்டையும் பென்சிலால் அடித்தாள். ஏழு காட்சியை மொட்டைத் தலையோடு எப்படி எடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

டீக்கடை சாரம்மாள் மாரிராஜுக்குக் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏலே மாரி, திருச்செந்தூரா? இல்ல, வீட்டுல யாருக்கும் எதுவுமா?"

சித்ரலேகா நிமிர்ந்தாள். இந்தப் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்தால் எவரும் கேட்கும் கேள்விதான் அது. கோயிலுக்கு முடி கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பனுக்குக் கொள்ளி வைத்திருக்க வேண்டும். டீ ஆறும் வரை யோசித்தாள். பிறகு நோட்டோடு நேரே பரமசிவன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். கோவப்படப்படாது. கதையில நீங்க செத்துப்போயிருதிய."

பரமசிவன் வெற்றிலையை வாயருகே கொண்டுபோன கையோடு நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சுடலைவடிவு வந்துவிட்டாள்.

"என்ன பேச்சு பேசுத நீ? எங்கழுத்துல தாலி கிடக்கு. இந்த மனுசன பாடையில கிடத்திப் படம் பிடிப்பியளோ?"

"பாடை இல்ல, பெரியம்மா. அண்ணாச்சி படத்துல வரவே வேண்டாம். எல்லாம் முடிஞ்சு, மகன் ஆத்துல முங்கிட்டுப் படியில உக்காந்திருக்கான். அது மட்டுந்தான்."

"சங்கு?"

"கிடையாது."

"கொள்ளிச்சட்டி?"

"கண்ணுலயே காட்டமாட்டேன்."

சுடலைவடிவு யோசித்தாள். "அப்படின்னா, படம் பிடிக்குத நேரம் முழுக்க இவுக புதுவேட்டி கட்டி, வாயில வெத்தல போட்டு, எங்கண்ணு முன்னாடி நிக்கணும். ஊர் பாக்கணும் ஆளு உசுரோட நிக்காகன்னு."

"நிக்கட்டும், பெரியம்மா. கேமரா பக்கத்துலயே நிக்கட்டும்."

பரமசிவன்தான் சம்மதிக்கவில்லை. சாவு அவருக்குப் பெரிதாகப் படவில்லை. படித்துறை வசனம் ஒரு முழுப் பக்கம். ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்தார். குளிக்கும்போதும், வயலுக்கு நடக்கும்போதும் சொல்லிப் பார்த்த வசனம். "முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவன் எழுதுன காயிதத்தக் கொண்டு குடுத்தேன். எனக்குன்னு ஒரு பக்கம் வந்துச்சு. அதையும் கிழிச்சுட்டிய. வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்துக்காகத்தான் சித்ரலேகா இந்தப் படத்தையே எடுக்க வந்தாள். அப்பா பேசாமலே போய்விட்டால் அந்தக் கதைக்கு என்ன மிச்சம்? வாசலில் நெடுநேரம் நின்றாள். அப்போது படம் எடுக்கிற இடத்திலேயே ஒலிப்பதிவு கிடையாது. குரல் எல்லாம் பிறகு சென்னையில் கொடுப்பதுதான். கேமரா ஓடும்போது யார் என்ன பேசினாலும் படத்தில் விழாது. அது நினைவுக்கு வந்ததும் மறுபடி உள்ளே போனாள்.

"அண்ணாச்சி, வசனம் அப்படியே இருக்கு. ஒரு வரி குறையாது. நாளைக்குக் கேமரா பக்கத்துல நின்னு நீங்க முழுசாச் சொல்லணும். மாரி கேக்கட்டும். அவன் மூஞ்சிய நான் எடுத்துக்கிடுதேன்."

"செத்தவன் பேசுவானாக்கும்?"

"உசுரோட இருக்கையில பேசல. இப்பப் பேசட்டும்."

பரமசிவன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். அதுதான் பதில்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் படித்துறையில் எல்லோரும் கூடினார்கள். பரமசிவன் புதுவேட்டியில் நின்றார். நாலடி தள்ளிச் சுடலைவடிவு கையைக் கட்டிக்கொண்டு காவல். பரமசிவன் வசனம் சொல்லப்போவதைப் பற்றிச் சித்ரலேகா மாரிராஜிடம் மூச்சு விடவில்லை. "முங்கி எழுந்து இந்தப் படியில உக்காரு. தண்ணியப் பாரு. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாத" என்று மட்டும் சொன்னாள். உருளையில் நான்கு நிமிஷப் படச்சுருள் மிச்சமிருப்பதாக உமர் சொன்னான். பெட்டியில் இருந்த மற்ற உருளைகள் மீதிக் காட்சிகளுக்கே இழுத்துப் பிடித்தால்தான் போதும். இன்னொரு தடவை எடுக்க வழியில்லை.

மாரிராஜ் முங்கி எழுந்தான். மொட்டைத் தலையிலிருந்து நீர் வழிய உட்கார்ந்தான். கேமரா ஓடத் தொடங்கியது. சித்ரலேகா பரமசிவனின் முழங்கையைத் தொட்டாள்.

"ஏலே" என்றார் பரமசிவன். மேடைக்குரல் இல்லை. கூப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போனவனின் குரல். "தண்ணி குளிருதால?"

மாரிராஜின் கழுத்து அசைந்தது. பிறகு நின்றது.

"ஒம்பது வருசமா தெனம் நீ வந்துட்டியான்னு வாசல்ல உன் செருப்பப் பாத்துட்டுத்தான் படுப்பேன். உனக்குத் தெரியாது…"

திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மாரிராஜ் திரும்பவில்லை. படியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தோள் மட்டும் ஏறி இறங்கியது. கண்ணில் வந்தது ஆற்றுத் தண்ணீரா வேறா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. சுடலைவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வசனம் முக்கால் பக்கம் போயிருக்கும்போது சுருள் தீர்ந்து கேமரா தடதடத்து நின்றது. உமர் கையைத் தூக்கினான். சித்ரலேகா உதட்டில் விரல் வைத்தாள். பரமசிவன் யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரி வரை சொல்லி முடித்தார்.

அன்றும் மறுநாள் மத்தியானம் வரையிலும் மாரிராஜின் மீதி ஆறு காட்சிகளையும், அவன் வராத இரண்டையும் எடுத்து முடித்தாள். கேமரா ரயில் ஏறியது.

தை மாதம் பரமசிவன் சென்னைக்குப் போய்க் குரல் கொடுத்தார். படத்தொகுப்பாளர், சுருள் தீர்ந்த இடத்தோடு வசனத்தையும் நறுக்கிவிடலாம் என்றார். சித்ரலேகா மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் படத்தில் மாரிராஜின் முகம் மறைந்து திரை இருட்டான பிறகும், முக்கால் நிமிஷம், அந்த அப்பா பேசிக்கொண்டிருப்பார்.