தலையணைக்கடியில் ஒரு வைரம்

சென்னையில் வைரம் வளர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் செஞ்சியில் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். மெல்லிய வைர வில்லை ஒன்றை விதையாக இயந்திரத்துக்குள் வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் செலுத்தி, தணலாகச் சூடேற்றுவோம். வாயுவிலிருக்கும் கரி அணு அணுவாக வில்லையின் மேல் படிந்து வைரமாகும். வாரக்கணக்கில் ஆகும். நடுவில் திறந்து பார்க்க முடியாது, கரண்ட் போகக் கூடாது. போனால் அத்தனை நாள் பாடும் வீண்.

அப்படி நான் வளர்த்ததில் வெட்டி ஒதுக்கிய துணுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, பட்டை தீட்டி, அம்மாவுக்கு மூக்குத்தியாகச் செய்து கொண்டுவந்தேன். அம்மா போட்டுக்கொள்ளவில்லை. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது, சில நாள் தலையணைக்கடியில் வைத்து நல்லது கெட்டது பார்க்க வேண்டும் என்றாள்.

"மண்ணுல கெடந்த கல்லுக்குத்தாம்மா தோஷமெல்லாம். இது நான் வளத்தது."

"நீ வளத்ததுன்னாதான் பயமா இருக்குது" என்று தலையணையைத் தூக்கி அடியில் வைத்தாள்.

மறுநாள் அமாவாசை. நைனா ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்க்க மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனார். விடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றவர் மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆப். போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அம்மா உள்ளே போய் மூக்குத்தியை எடுத்துவந்து என் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போடி இத."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கரிக்கும் நைனாவுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அப்புறம் மறுபடி மறுபடி போன் போட்டேன். அதே சுவிட்ச் ஆப்.

வெயில் சாயும் நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார் நைனா, நெற்றி நிறையக் குங்குமத்தோடு.

"கூட்டத்துல பஸ் ஏறவே முடியல. ஏறுன ஸ்பெஷல் பஸ்ஸும் வழியில நின்னுடுச்சு. போன்ல சார்ஜ் இல்ல. சோறு இருக்குதா?"

அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. அம்மா திட்டிக்கொண்டே சோறு போட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள். அவர் கை கழுவியதும் என் பக்கம் திரும்பினாள்.

"கல்லு எங்க? குடு, போட்டுக்கறேன். மனுஷன முழுசா கொண்டாந்து சேத்துடுச்சு."

வாசலுக்கு ஓடி, ஸ்கூட்டி டிக்கியைத் திறந்து எடுத்து வந்தேன்.

"நீ வளத்ததுக்குத்தான் தோஷமே கெடயாதே" என்றாள் அம்மா. "பின்ன ஏன்டி வீட்டுக்குள்ள வெக்கல?"

நான் அவள் மூக்கில் திருகாணியை இறுக்கிவிட்டேன்.