தபசுகாலத்தில் வாசித்த பாட்டு

ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறு வருடம் என் கணவர் அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். அஸ்ஸாமில் மிலிட்டரி லாரி ஓட்டப் போனவர். கையில் டிரங்குப் பெட்டி, தோளில் சாக்கில் சுற்றிய ஒரு கிட்டார். ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு மாட்டுவண்டியில் வரும்போதே இருமி இருமி ரத்தமாகத் துப்பினார். பெரம்பலூருக்குக் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். அவர் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. முட்டை கொடுங்கள், பால் கொடுங்கள் என்றார். வெளியே வந்ததும் மாமியார், "கைய விரிச்சிட்டாருடி" என்றார்.

கிட்டாரைக் கொடுத்தது ஒரு கறுப்பு அமெரிக்க சோல்ஜர். அவன் வைத்திருந்த வேறொரு கிட்டாரில் ஒயர் இருக்குமாம். அதை ஜெனரேட்டரில் மாட்டி, சாயங்காலங்களில் ஒரு பாட்டு வாசிப்பானாம். ஒரே வரியை இரண்டு தரம் சொல்லி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்லும் பாட்டு. "அவங்களுக்குத் தனி டெண்டு புள்ள. வெள்ளைக்காரன் பக்கம் போவக்கூடாது. நம்ம மாதா கோயில்ல சாதி பிரிச்சு நடுவுல கம்பி போட்டிருக்குல்ல, அது மாதிரி" என்று அவர் சொன்னார். அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை இன்னும் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. வாசிக்கத் தெரிந்தவர் அவர். ஆனால் கம்பியை அழுத்த விரலில் பலம் இல்லை.

அதனால் நான் அழுத்தினேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் நான் கம்பிகளைப் பிடிக்க, வலது கையால் அவர் மீட்டினார். ஒரு கிட்டாருக்கு இரண்டு பேர். கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தபோது ஆர்மோனியம் கொஞ்சம் பழகியிருந்தேன். அதுவே இடைஞ்சலானது. அவர் வாயால் சாய்த்துப் பாடிக் காட்டிய சுரத்தையெல்லாம் பிசகு என்று நினைத்து நான் நேராக்கிவிடுவேன்.

"கோயில் பாட்டு மாதிரி நிமிந்து நிக்கிறியே. கம்பிய மேல தள்ளு. தள்ளு. அழுவணும் அது."

"விரல் அறுக்குதுங்க."

"அறுத்தாத்தான் அழுவும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மாமியார் உள்ளே வந்து, "உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குடி ஒப்பாரி?" என்று கேட்டார்.

பாதிப் பாட்டுத்தான் வந்திருந்தது. அதற்குள் தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்துவிட்டது. அதிலிருந்து நாற்பது நாள், ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு வரை எங்கள் ஊரில் கல்யாணம் இல்லை, மேளம் இல்லை. எந்த வீட்டிலும் வாத்தியம் தொட மாட்டார்கள். மாமியார் கிட்டாரை எடுத்துப் பரணில் வைத்தார். "பாஸ்குக்கு அப்புறம் ஆவட்டும்" என்றார். என் கணவர் பாஸ்கு வரை இருப்பாரா என்று மூன்று பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து அவரே கேட்டு அதை இறக்கச் சொன்னார். சத்தம் வராமல் வெறுமனே அழுத்தினால் என்ன பாவம் என்றார். மாமியார் பரணிலிருந்து கிட்டாரை இறக்கிக் கொடுத்தார். நான் மீட்டாமல் கம்பிகளை மட்டும் அழுத்தினேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "இப்பத் தப்பு" என்பார். ஒன்றுமே கேட்காத அறையில் எனக்கு எப்படித் தப்பு தெரியும்? ஆனால் அவர் சொன்னால் மாற்றிக்கொண்டேன். மீதிப் பாட்டை அப்படியே படித்து முடித்தேன்.

பிறகு அவரால் தலை தூக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஊரே கோயிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிருந்தது. மாமியார் போகவில்லை. கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார்.

"வாசிடி" என்றார்.

"அத்தை, தபசுகாலம்..."

"எனக்குத் தெரியாதா? வாசின்னா வாசி."

அழுத்தவும் மீட்டவும் இரண்டு கையும் என்னுடையதாக வாசித்தது அன்றுதான். தடுமாறினேன், நிறுத்தவில்லை. வாசித்து முடித்தபோது கட்டிலில் அவர் கண் மூடியிருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுங்க."

"இவ்வளவு சின்னப் பாட்டா அது?" என்றார்.

அடுத்த வாரம் இறந்துபோனார்.

பாஸ்குக்கு முதல் நாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற மாமியார், தன் முறை நெருங்கியபோது விலகிப்போய் உட்கார்ந்துகொண்டார். நானும் விலகி அவரிடம் போனேன்.

"நீங்க போவலையா அத்தை?"

"போயி என்னத்தச் சொல்ல? பண்ணது தப்பு, இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லணும். எம்புள்ள இன்னொரு தரம் கேட்டா இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுவேன். சாமியார்கிட்ட பொய் சொல்லவா?"

மறுநாள் பாஸ்குப் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க ஊரே எழுந்து போனது. பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் அதை வாங்கக் கூடாது. மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இடத்திலேயே இருந்தார். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். அன்றும் கூசியது. நானும் எழுந்து போகாமல் அவர் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தேன்.