சத்தம் கேட்டால் ஓடும் கோல்கீப்பர்

தாயில்பட்டி கால்பந்து அணிக்கு இருபத்திரண்டு வருஷமாக சங்கிலிமுத்துதான் கோல்கீப்பர். திறமை காரணமில்லை, கோலில் நிற்க வேறு எவனும் வரவில்லை என்று அவரே சொல்வார். கையால் தடுத்த பந்துகளைவிட மூஞ்சியால் தடுத்தவை அதிகம். ஓர் அரையிறுதியில் மூக்கு இடப்பக்கமாகச் சாய்ந்தது. அவர் வாங்கிய ஒரே பரிசு அதுதான்.

இன்னொரு வியாதியும் உண்டு. வெடிச்சத்தம் கேட்டால் கோலை விட்டு ஓடிவிடுவார். பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற வேலை. அந்த அறைக்கு நாலு பக்கமும் வாசல். சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு என்பது முதல் நாள் பாடம். பள்ளிக்கூடத்தில் எதுவும் அவர் தலையில் ஏறியதில்லை. இது மட்டும் காலில் ஏறிக்கொண்டது.

இந்தப் பொங்கலுக்கு ஆலங்குளத்தோடு இறுதிப்போட்டி. கேப்டன் மாரிசாமி முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

"அண்ணே, இந்தத் தடவையும் ஓடுனீகன்னா கிளவுசைக் கழட்டி, புதுசா வந்துருக்க பாலகுருகிட்டக் குடுத்துருங்க."

சங்கிலிமுத்துவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கிளவுசை விட்டால் ஊரில் அவரை எவன் திரும்பிப் பார்ப்பான்? வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முதுகுக்குப் பின்னே வெடி போடச் சொன்னார் மனைவி மாடத்தியை. முதல் நாள் வேலி தாண்டி ஓடினார். மூன்றாம் நாள் ஆட்டுக்கொட்டில் வரைக்கும். எட்டாம் நாள் அசையவே இல்லை.

"பாத்தியா!" என்றார்.

மாடத்தி மிச்ச வெடிகளைத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். அவளுக்கும் அதே ஆலையில்தான் வேலை. "நல்லா நிக்கப் பழகிட்டீக. திங்கக்கிழம ஆலையில சத்தம் கேட்டாலும் இப்டித்தான் நிப்பீகளோ?"



இறுதிப்போட்டியில் கடைசி நிமிஷம் வரை கோல் இல்லை. அப்போது தாயில்பட்டிக்காரன் அடித்த பந்து கோலுக்குள் போவதுபோல இருந்தது. கோட்டோரம் நின்ற தாயில்பட்டிப் பையன் கதிரவன், அவசரக்குடுக்கை, சரவெடிக்குத் திரி கொளுத்திவிட்டான். பந்தோ கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆலங்குளத்தான் அதை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்தான். திரி அதுபாட்டுக்கு எரிந்தது.

படபடவென்று வெடித்ததும், பட்டாசு ஆலைக்காரர்களே நிறைந்த தாயில்பட்டி அணி சிதறி ஓடியது. பாறைக்கு வெடி வைத்துப் பழகிய ஆலங்குளத்துக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சங்கிலிமுத்து மட்டும் நின்றார். கால் அசையவில்லை. ஆலங்குளத்தான் அடித்த பந்து நேராக அவர் கைக்குத்தான் வந்துகொண்டிருந்தது, குழந்தைகூடப் பிடித்துவிடும். ஓரமாக நின்ற மாடத்தியைப் பார்த்தார். அவள் பந்தைப் பார்க்கவில்லை. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளுத்துப்போய்.

அவர் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிய கூட்டத்தைப் பிளந்துகொண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் ஓடாத ஓட்டம். பந்து தனியாக உருண்டு வலைக்குள் போனது.

"ஏலே, ஒலிம்பிக்குக்கு அனுப்புங்கடே இவர!" என்று கூட்டம் கத்தியது. மாடத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவர் விசாரிக்கவில்லை.

கிளவுசை அவரே கழற்றி நீட்டினார். பாலகுருவும் பட்டாசு ஆலைக்காரன்தான். வாங்கும்போது மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, வெடிச்சா நான் என்ன செய்ய?"

"வாசல் எந்தப் பக்கம்னு மொதல்ல பாத்து வச்சுக்கலே" என்றார் சங்கிலிமுத்து.