அத்தானுக்கு வராத வசனம்

அந்த வசந்தகாலத்தை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது சுவிஸில், பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் இருக்கும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையும் அதில் விரித்து வைத்திருந்த மடிக்கணினியும்தான். அதன் முன்னால் நான். எனக்குப் பின்னால், யன்னலுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடையில் நடந்தபடி என் அக்காவின் கணவர். நடந்தால்தான் அவருக்கு வசனம் வரும். தமிழில் வேகமாகத் தட்டத் தெரிந்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை அங்கே பிடித்து உட்கார வைத்திருந்தார்.

அத்தான் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர். கறுப்பு வெள்ளைக் காலத்து ஹொலிவூட் காதல் நகைச்சுவைப் படங்கள் என்றால் உயிர். அவற்றிலும் ஒரு வகைக்குத்தான் முதலிடம்: திரைக்கதையை எழுதி முடிக்கமுடியாமல் தவிக்கும் எழுத்தாளன், தட்டச்சு செய்ய வரும் பெண், ஓயாத சண்டை, கடைசியில் காதல். அப்படி ஒன்றைத் தமிழில், பேர்ண் நகரத்தில் எடுப்பதென்று கிளம்பிவிட்டார். கமரா தர நண்பர்கள் இருந்தார்கள். கதைதான் இல்லை. அக்காவைத் தெற்கே ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி வேலையில் எடுத்த ஃபெரியன் விடுமுறையை, அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், இந்தக் கதைக்குக் கொடுத்துவிட்டார். அக்கா பச்சைக் கோட்டை மாட்டி, கட்டிவைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வில் என்ற ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு றெயின் ஏறினார்.

வீட்டில் மனுசி இல்லை என்ற கவலை அவருக்குக் கொஞ்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. கதையிலோ காட்சிக்குக் காட்சி சண்டை. ஒவ்வொரு சண்டையிலும் கதாநாயகனே வெல்வான். கதாநாயகி கண் கலங்கி, "நீங்கள் சொன்னதுதான் சரி" என்பாள். அதைத் தட்டத் தட்ட எனக்கு விரல் கூசியது.

"அத்தான், அக்கா ஒருநாளும் இப்பிடிக் கதைக்க மாட்டா."

"இது அக்கா இல்லை மச்சாள், கதாநாயகி."

"அப்ப ஏன் அவள் பச்சைக் கோட்டோட வில்லுக்கு றெயின் எடுக்கிறாள்?"

அத்தான் யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கதாநாயகி திரும்பி வரவேண்டிய காட்சியில் எல்லாம் நின்றுபோனது. கதாநாயகன் என்ன சொன்னால் அவள் வருவாள்? நாங்கள் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தோம். பொறுமை போய், "அக்காவிட்டையே கேளுங்கோ" என்றேன். எரிச்சலில்தான் சொன்னேன். மனிதர் உடனே போன் எடுத்து, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"உம்மட்டை ஒரு வசனம் கேக்கவேணும். அவன் என்ன சொன்னா அவள் வருவாள்?"

அக்கா, "பிழை என்ரைதான் எண்டு சொல்லத் தெரியாதோ அந்த மனுசனுக்கு?" என்றார். குரல் உடைந்திருந்தது.

அத்தான் என் பக்கம் திரும்பி, "அருமை! தட்டும், தட்டும்!" என்றார்.

அக்கா போனை வைத்துவிட்டார். நான் மடிக்கணினியை மூடினேன். "இனி ஒரு எழுத்தும் தட்ட மாட்டன். அவா அழுதுகொண்டு கதைச்சவா, அத்தான். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அப்போதுதான் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். நடக்காமல், அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்சம் கழித்து, "நீரும் வாரும், தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்றார்.

இருவரும் றெயின் எடுத்து வில்லுக்குப் போனோம். அக்கா கதவைத் திறந்தார். பக்கம் பக்கமாக வசனம் சொன்ன மனிதர் படியில் நின்று வாயைத் திறந்தார், மூடினார்.

"எனக்கு... எனக்கு ஒண்டும் வரேல்லையப்பா. பிழை என்ரைதான்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

படம் இன்றுவரை எடுக்கப்படவில்லை. இப்போது கதையை இரண்டு பேருமாக எழுதுகிறார்கள். அதுதான் எனக்கு வந்த கேடு. போன ஞாயிற்றுக்கிழமையும் போனில் கூப்பிட்டு, தட்டச்சொல்லி ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். கதாநாயகி வேலையை விடலாமோ என்று தொடங்கிய சண்டை, போன மாரிக் குளிரில் யார் யன்னலைத் திறந்துவிட்டுப் போனது என்பதில் போய் நின்றது. நான் போனை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். குடித்து முடித்துத் திரும்பி வந்தபோதும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் போனதை இருவருமே கவனிக்கவில்லை.