இரண்டு ஷிஃப்டுக்கு ஒரு நாவல்

ஜட்ஜக்கா கதை சொல்லும்போது கையில் ஒரு தலையணை உறை இருக்கும். சொல்லிக்கொண்டே மடிப்பார். ஒன்றை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஆனால் சில இடங்களில், மடித்ததையே உதறிப் பிரித்து, அதையே மறுபடி மடிப்பார். கதை மேலே போகும், உறை போகாது. பதினோரு வருஷமாக இதைப் பார்க்கிறேன். முதல் ஆறு வருஷம் அவருக்கு மறதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே எட்டு மாடியிலும் படுத்திருப்பவர்களின் விரிப்பு, உறை, போர்வை எல்லாம் ஒரு பெரிய தகரக் குழாய் வழியாக எங்கள் தலையில்தான் வந்து விழும். துவைக்கிற டிரம்கள் ஒரு அறையில். கண்ணாடிக் கதவு போட்ட அடுத்த அறையில் ரோலர் இஸ்திரியும் மடிப்பு மேஜையும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஒரு ஷிஃப்ட், இரண்டுக்குப் பிறகு எங்கள் ஷிஃப்ட். காலை ஷிஃப்டின் மடிப்பு மேஜை ஜட்ஜக்காவின் ராஜ்ஜியம்.

விரிப்போடு சுருண்டு வேறு பொருள்களும் விழும். மூக்குக்கண்ணாடி, பல்செட், ஒற்றைச் சாக்ஸ், நாவல். பல்செட்டைத் தேடி அரை மணி நேரத்தில் ஆள் வந்துவிடும். நாவலைத் தேடி யாரும் வருவதில்லை. கிடைத்த பொருளை ஒரு மாதம் எங்கள் அலமாரியில் வைத்திருந்து, யாரும் கேட்காவிட்டால் மேலே ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு மாதத்துக்குள் நாங்கள் அதைப் படித்து முடித்துவிடுவோம். ஒருத்தி சத்தமாக வாசிப்பாள், அவள் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் மடிப்பார்கள்.

புத்தகம் ஒன்று, ஷிஃப்ட் இரண்டு. நாங்கள் விட்ட பக்கத்திலிருந்து காலையில் அவர்கள் தொடங்குவார்கள். அவர்கள் விட்ட பக்கத்திலிருந்து மத்தியானம் நாங்கள். ஆகவே எந்த நாவலையும் எங்களில் யாரும் முழுதாகப் படித்தது கிடையாது. நாங்கள் படித்ததை நான் ஒரு சீட்டில் நாலு வரி எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போவேன். காலையில் படித்ததை ஜட்ஜக்கா இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறுகிற பத்து நிமிஷத்தில், காலை ஆட்கள் பஸ் பிடிக்கப் போன பிறகு, கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து வாயால் சொல்வார். எழுதித் தரச் சொன்னால், "எழுதினா கதை சுருங்கிடும்டி" என்பார்.

எங்கள் பக்கம் வாசிப்பது நான். சொந்தமாக ஒரு வார்த்தை பேசு என்றால் எனக்கு வராது. ஏழாவதோடு நின்றவள்தான், ஆனாலும் அச்சில் இருந்தால் தயங்காமல் வாசித்துவிடுவேன். அதனால் ஜட்ஜக்கா எனக்கு வைத்த பேர் ரேடியோ.

அவருக்கு ஜட்ஜக்கா என்ற பேர் வந்தது தீர்ப்புகளால். புத்தகம் கையில் கிடைத்ததும் முதலில், நோயாளி எந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பார்ப்பார்.

"தொண்ணூத்தி ரெண்டாம் பக்கம். வீட்டுக்குப் போனாரா, ஒரேயடியாப் போனாரா?"

"தெரியலையேக்கா."

மேலே சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எங்க போனாலும் தப்பிச்சாரு. தொண்ணூத்தி மூணுல ஒருத்தன் நிலாவைப் பார்க்க ஆரம்பிக்கிறான், நூத்தி இருபது வரைக்கும் கழுத்தை இறக்கல."

பரிசு வாங்கிய ஒரு தடித்த நாவலைப் பற்றி, "ஊரே பட்டினின்னு எழுதியிருக்காரு, சரி. ஒருத்தர் வீட்டுலயும் பாத்திரம் தேய்க்கல. தின்னாலும் தின்னலைன்னாலும் பாத்திரம் சேரும்யா" என்றார். ஒரு காதல் கதையின் நாயகனுக்கு அவர் கொடுத்த தீர்ப்பு, "இவனுக்குப் பொண்ணு என்ன, பூனைக்குட்டிகூடக் கொடுக்க மாட்டேன்." எங்கள் சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காதவர் போல உள்ளே வருவார்.

ஜட்ஜக்கா கதை சொல்லக் கற்றது மாமியாரிடம். மாமியார் ஆறு வருஷம் படுத்த படுக்கை. மாத்திரை விழுங்க வைப்பதற்காக மருமகள் தொடர்கதை வாசித்துக் காட்டுவார். கெட்டவன் அன்றைக்கே சாகாவிட்டால் மாமியார் வாயைத் திறக்க மாட்டார். எழுதியவரோ அவனை நாற்பது வாரம் நன்றாக வைத்திருப்பார். "அதுவரைக்கும் பிரஷர் காத்துக்கிட்டு இருக்குமா? நானே கொன்னுட்டேன். ஆறு வருஷத்துல முப்பது பேராவது இருக்கும்" என்று அவரே ஒருமுறை சொல்லிச் சிரித்தார். மாமியார் காலத்தோடு அது முடிந்துவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவலில், மாணவியை ஏமாற்றிய ஒரு பேராசிரியர் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தார் என்று ஜட்ஜக்கா சொன்னார். சொல்லும்போது ஒரே உறையை மூன்று முறை மடித்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது. எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் பின்னால் திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸே இல்லை. பேராசிரியருக்குத் துறைத்தலைவர் பதவி கிடைத்து, மாலை போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பேசக் கூச்சம் என்பது ஒன்று. இன்னொன்று, அந்த ஆள் பஸ்ஸில் அடிபட்டதுதான் எனக்கும் சரியாகப் பட்டது.

அதற்குப் பிறகு உறையைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

எங்கள் ஷிஃப்டில் ரோலர் இஸ்திரியை ஓட்டுகிறவளுக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் வேறொருத்தியோடு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் அங்கிருந்தும் கிளம்பித் தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டான். திரும்பி வருகிறான், சேர்த்துக்கொள் என்று இவளுடைய நாத்தனார் தினமும் போன் செய்தாள். இவள் ஆறு வாரமாக, "யோசிச்சுச் சொல்றேன் அண்ணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ரோலருக்குள் விரிப்பைக் கொடுக்கும்போதுகூட யோசித்தாள். இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நாலாவது மாடியிலிருந்து அந்த நாவல் விழுந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருத்தியை விட்டுவிட்டுப் போன புருஷன், ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வருவதாகக் கடிதம் போடுகிறான்.

"அக்கா, இது என் கதை. எனக்கு ஜெராக்ஸ் கடைதான் இல்ல" என்றாள் ரோலர்க்காரி. அதன் பிறகு இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஒன்றரைக்கே வந்து நிற்க ஆரம்பித்தாள்.

புருஷன் திரும்பி வரும் அத்தியாயம் காலை ஷிஃப்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு ஜட்ஜக்கா கூடையில் உட்கார்ந்ததும் ரோலர்க்காரி அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வந்தானாக்கா?"

"வந்தான். கையில பெட்டி."

"அவ என்ன சொன்னா?"

ஜட்ஜக்கா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு உறையை எடுத்தார். "வாசல்லயே நிக்க வெச்சா. குடிக்கத் தண்ணி கொடுத்தா. குடிச்சு முடிச்சதும் சொம்பை வாங்கிக்கிட்டு, 'சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, அதைக் கொடுத்துட்டுப் போங்க'ன்னா. அழல, கத்தல. கதவைச் சாத்திட்டு உள்ள வந்து மிஷின்ல பேப்பர் போட்டா."

அந்த உறையை அவர் ஐந்து முறை மடித்தார்.

ரோலர் சூடேற இருபது நிமிஷம் ஆகும். ரோலர்க்காரி போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக நின்றபடி பேசினாள், அதுவே புதுசு. உள்ளே வந்து, "வேண்டாம்னு சொல்லிட்டேன். சாவியையும் கேட்டுட்டேன். வாசிங்கக்கா, அவ அப்புறம் என்ன பண்றான்னு பார்க்கலாம்" என்றாள்.

அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி, "அவன் குளிப்பதற்கு வெந்நீர் கேட்டான்" என்று இருந்தது.

வாசித்துவிட்டேன். வாய் பழக்கம்.

"எவன்?" என்றாள் ரோலர்க்காரி.

அச்சில் இல்லாத ஒரு சொல்லை நான் அந்த அறையில் சொன்னது அதுதான் முதல் தடவை. "தம்பி" என்றேன்.

"அவளுக்குத் தம்பி இருக்கானா?"

"ஊர்ல இருந்து வந்திருக்கான் போல."

மேஜையில் இருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். புருஷனைத் துரத்திய வீட்டுக்குத் தம்பி துணைக்கு வருவது நியாயம்தானே. நான் புருஷன் என்று இருக்கும் இடமெல்லாம் தம்பி என்று மாற்றிக்கொண்டே போனேன். பத்துப் பக்கம் ஒழுங்காகப் போனது. பிறகு அவன் அவள் கூந்தலில் முகம் புதைத்தான். "தம்பி தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டான்" என்று வாசித்தேன்.

"பாவம்" என்றாள் ரோலர்க்காரி. அடுத்த பக்கத்திலும் அவனுக்குத் தலைவலி வந்தது. "டாக்டரைப் பார்க்கலாம்ல, நம்ம ஆஸ்பத்திரிக்கே வரலாமே" என்றாள்.

அன்றைக்கு வைத்த சீட்டில், "ரோலர்க்காரி போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இவனைத் தம்பி ஆக்கியிருக்கிறேன். தயவுசெய்து அப்படியே வைத்திருங்கள்" என்று எழுதினேன்.

மறுநாள் ஜட்ஜக்கா என்னை டிரம் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"நாலு வருஷமாக்கா."

"ரேடியோ சொந்தமாப் பேச ஆரம்பிச்சிருச்சு" என்றார். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "அந்த மனுஷன் என்ன எழுதியிருக்காரு தெரியுமா? அவ அவன் காலைக் கழுவுறா. மூணு பக்கத்துக்குக் கழுவுறா. தண்ணி எது கண்ணீர் எதுன்னு தெரியலையாம். தினம் எட்டு மணி நேரம் ஈரத்துல நிக்கிறவ எவளாவது வீட்டுக்குப் போயி மூணு பக்கம் கால் கழுவுவாளா?"

"அவ போன் பண்ணிட்டாளேக்கா" என்றேன்.

"சொல்லத் தெம்பு இல்லாம புத்தகத்துகிட்டக் கேக்குறா. நான் கொஞ்சம் கொடுத்தேன்." பிறகு குரலை இறக்கி, "இவ்வளவு சீக்கிரம் பண்ணுவான்னு நினைக்கல" என்றார்.

அதன் பிறகு ஒன்பது நாள் நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தம்பியைக் காப்பாற்றினோம். கடையை விரிவாக்க அவன் கடன் வாங்கியபோது பிரச்சினை இல்லை. நாயகிக்கு வாந்தி வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு மெதுவாக வாசித்து, இருமி, இரண்டு தடவை தண்ணீர் குடித்து, அந்த அத்தியாயத்தைக் காலை ஷிஃப்டின் பக்கம் தள்ளிவிட்டேன். ஜட்ஜக்கா மறுநாள் அதை அஜீரணம் என்று தீர்த்துவைத்தார்.

பத்தாவது நாள் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஒரு கணக்கு டீச்சர் கீழே இறங்கி வந்தார். பித்தப்பை ஆபரேஷன் ஆகி நாலாவது மாடியில் இருந்தவர். தையல் பார்க்க வந்த கையோடு தன் நாவலைக் கேட்டு வந்திருந்தார். பதினோரு வருஷத்தில் நாவலைத் தேடி வந்த முதல் ஆள்.

"நீங்களும் படிக்கிறீங்களா?" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "நான் அந்தக் கால் கழுவுற இடம் வரைக்கும் படிச்சேன். அழுத அழுகையில தையலே பிரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு."

"யார் காலை?" என்றாள் ரோலர்க்காரி.

"புருஷன் காலைத்தான். திரும்பி வந்தாரே."

நான் தரையைப் பார்த்தேன். ஜட்ஜக்கா கையில் இருந்த உறையைக் கீழே வைத்தார்.

ரோலர்க்காரி டீச்சரிடம் பத்து நிமிஷம் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். நின்றபடியே வாசித்தாள். டீச்சர் கூடையில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். மூன்று பக்கத்தையும் முடித்துவிட்டு, மேலும் கொஞ்சம் புரட்டினாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"இங்கதான் தம்பிக்குத் தலைவலியா?" என்று என்னைக் கேட்டாள்.

தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். முதலில் நிறுத்தியது அவள்தான்.

"நான் போன்ல சொன்னது உங்க வார்த்தையாக்கா?" என்று ஜட்ஜக்காவைக் கேட்டாள்.

"வார்த்தை என்னுது. தப்புதான். ஆனா அதைச் சொல்லிட்டு வந்து நின்னப்ப உன் மூஞ்சி நல்லா இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக? அவர் வந்து வாசல்ல நின்னா நான்தானே பேசணும். நீங்க வந்து பேச மாட்டீங்கல்ல."

ஜட்ஜக்கா கீழே வைத்த உறையை எடுத்து, ஒரே தடவை மடித்து அடுக்கில் வைத்தார்.

"புத்தகத்துல இருக்கிறவளும் சரியில்ல" என்று சொல்லி ரோலர்க்காரி புத்தகத்தை டீச்சரிடம் நீட்டினாள். "எங்க போனே, எதுக்குப் போனேன்னு ஒரு வார்த்தை கேக்கல. நேராத் தண்ணியைத் தூக்கிட்டு வந்துட்டா."

அன்று டீ நேரத்தில் நாத்தனாருக்குப் போன் செய்து, யாரும் கூட வராமல் அவரை மட்டும் அனுப்பச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். எங்கே போனாய், எதற்குப் போனாய் என்று கேட்டாளாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டாளாம். அவன் என்ன பதில் சொன்னான் என்பதை எங்களில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இப்படி நாலு ஞாயிறு அவன் வந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுப் போனான். ஐந்தாவது ஞாயிறு பெட்டியோடு வந்தான்.

இப்போது எட்டு மாதமாக அவன் வீட்டில்தான் இருக்கிறான். வேன் ஓட்டுகிறான். எப்படி இருக்கிறான் என்று கேட்டால், "சுமார்" என்கிறாள். விரல் சுட்டுக்கொள்வதில்லை. சேர்த்துக்கொண்டது சரிதானா என்று எனக்குத் தெரியாது. ஜட்ஜக்கா தனக்குத் தெரியும் என்கிறார், ஆனால் அவளிடம் சொல்வதில்லை.

ஜட்ஜக்கா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இன்னும் இரண்டு மணிக்குக் கதை சொல்கிறார், இன்னும் ஆள்களைக் கொல்கிறார். இப்போது எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தே கேட்கிறார்கள். ரோலர்க்காரி அவரிடம் நன்றாகப் பேசுகிறாள், டிபன் டப்பாவில் பாதியை எடுத்து வைக்கிறாள். கதை மட்டும் கேட்பதில்லை. அவர் உட்கார்ந்ததும் எழுந்து மிஷின் துடைக்கப் போய்விடுகிறாள். காலை ஷிஃப்ட் படித்த பக்கங்களை, டீ நேரத்தில் அவளே தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொள்கிறாள்.