எமில்டாவின் சீட்டுக் காசு

தன் ஊரான பேசாலையிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது எமில்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. தையலைத் தவிர வேறு தொழில் தெரியாது. லண்டனின் தெற்கே மிச்சம் என்ற பகுதியில் உள்ளூர்க் கவுன்சில் கொடுத்த பிளாட்டில், சமையலறை மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பழைய மெஷின் ஒன்றை வாங்கி அதன்மேல் வைத்தாள். முதலில் ஒரு தொழிற்சாலைக்குச் சட்டைக் கொலர் தைத்துக் கொடுத்தாள். பிறகு மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வரும் சனம் அவளைத் தேடி வரத் தொடங்கியது. பிள்ளைகள் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு வெள்ளை உடுப்பு, கலியாணப் பெண்ணுக்கு நிலத்தில் இழுபடும் கவுண். அவள் தைத்ததைப் போட்டுப் பார்க்கும் பெண்கள் கண்ணாடியை விட்டு விலக மனமில்லாமல் நிற்பார்கள். கணவன் யேசுரட்ணத்துக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இல்லை.

தங்கை பெர்னடெற் பாரிசில் இருந்தாள். கலியாண உடுப்புக் கடையொன்றில் வேலை. 1993ஆம் ஆண்டு அந்தக் கடைக்காரி, வயதான போர்த்துக்கீசப் பெண், கடையை விட்டுவிட்டு ஊருக்குப் போகத் தீர்மானித்தாள். பெர்னடெற் டெலிபோனில் சொன்னாள்:

"அக்கா, எங்களுக்கே தாறன் எண்டு சொல்லுறா. ஆனா காசு கையில வேணுமாம். இந்த மாதம் முடிய முதல் குடுக்காட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவா."

எமில்டாவிடம் ஏழு வருடச் சேமிப்பு இருந்தது. அது போதாது. ஆனால் அவள் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஒரு சீட்டு நடத்திவந்தாள். மாதாமாதம் எல்லோரும் காசு போட, முறைக்கு ஒருத்தி முழுவதையும் எடுப்பாள். அந்த மாதம் எமில்டாவின் முறை. அடுத்தது தவமலரின் முறை. தவமலர் இரண்டு தெரு தள்ளி இருந்தவள். கணவனோடு சேர்த்து அவளுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட் போதாமல் ஒரு லோண்டரியில் பதிவில்லாமல் துணி அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவளே வந்தாள்.

"என்ர முறைக் காசை எல்லாரும் முன்னமே சேர்த்துத் தாறம், நீங்கள் எடுங்கோ அக்கா. பிறகு ஆறுதலாய் எனக்குத் திருப்பித் தாங்கோ. எனக்கு இப்ப அவசரம் இல்லை."

இப்படிச் சேர்ந்த காசு பத்தாயிரம் பவுணுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வழியில் யாராவது பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில், பயணப் பையின் உள்துணியைப் பிரித்து, நோட்டுகளைப் பரப்பி, திரும்பத் தைத்தாள். தையல் போட்ட தடம் தெரியவே இல்லை. தைத்து முடித்ததும் யேசுரட்ணத்துக்குக் காட்டினாள். அவனும் கெட்டிக்காரி என்றான்.

விமான நிலையத்தில், பாரிஸ் விமானத்துக்குப் பயணிகள் ஏறப் போகும் வாசலுக்குச் சற்று முன்னால் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். வரிசையில் எல்லோரையும் விட்டுவிட்டு அவளைக் கைகாட்டினார்கள். எங்கே போகிறாய், எத்தனை நாள், யாரிடம் என்று கேட்டார்கள். அதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். அடுத்ததாக இளையவன் கேட்டான்:

"உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?"

உண்மையைச் சொன்னால் சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும் என்றுதான் அந்த நேரத்தில் எமில்டாவுக்குத் தோன்றியது.

"கொஞ்சம்" என்றாள் ஆங்கிலத்தில்.

பையை மேசையில் வைத்துத் தடவினார்கள். மூத்தவனின் விரல் ஓரிடத்தில் நின்றது. சின்னக் கத்தியால் அவன் உள்துணியைக் கீறியபோது, தன் தோலைக் கீறுவதுபோல அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அதற்குள் விமானம் போய்விட்டது.

ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளை இருத்தினார்கள். மொழிபெயர்க்க பத்ரிநாராயணன் என்ற ஒருவர் வந்தார். கும்பகோணத்துக்காரர், வெம்பிளியில் இருப்பவர், மரியாதையாகப் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. இந்தப் பணம் எப்படி வந்துதுன்னு கேக்கிறாங்க."

"அரைவாசி நான் தைச்சுச் சேர்த்தது. மிச்சம் சீட்டுக் காசு. எனக்குச் சீட்டு விழுந்தது."

அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பொலிஸ்காரன் எழுதினான். எமில்டாவின் ஆங்கிலம் துணிக் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. அவர்கள் வேகமாகப் பேசியது அவளுக்குப் பிடிபடவில்லை.

மாலையில் அவளைப் போகவிட்டார்கள். அவள்மேல் வழக்கு இல்லை, அவள் குற்றவாளி இல்லை. ஆனால் காசு போதைப்பொருள் வியாபாரத்தில் வந்ததாகச் சந்தேகம் இருப்பதால் அதை வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். கிழிந்த பையோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

அந்தக் கிழமையே நீதவான் நீதிமன்றம், காசை மூன்று மாதம் பொலிஸ் வைத்திருக்கலாம் என்று உத்தரவு போட்டது. பாரிஸ் கடை வேறு ஆளுக்குப் போயிற்று. பெர்னடெற் டெலிபோனில் அழுதாள். எமில்டாவுக்கு அழுகை வரவில்லை.

பக்கத்துப் பகுதியான ரூட்டிங்கில் பாலேந்திரா என்ற வழக்கறிஞர், சொலிசிற்றர், இருந்தார். அவர் காகிதங்களை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, நீங்கள் குற்றவாளி எண்டு அவை நிரூபிக்கத் தேவையில்லை. இந்தச் சட்டத்தில வழக்கு உங்களில இல்லை, காசில. அது போதைப்பொருள் காசாய் இருக்கக்கூடும் எண்டு நீதவானுக்குப் பட்டால் போதும். அரசாங்கக் காசில லோயர் வைக்கிற லீகல் எய்ட்டும் கிடையாது."

"நான் தைச்ச காசு தம்பி."

"ஓம். ஆனா ஒளிச்சுத் தைச்சனீங்கள். கேட்டதுக்குக் கொஞ்சம் எண்டு சொன்னனீங்கள். நோட்டில கொக்கெயின் தூசி இருக்கெண்டு ஆய்வுகூடம் சொல்லுது. அது லண்டனில பழைய நோட்டு எதிலயும் இருக்கும், அதை நான் சமாளிப்பன். ஆனா இது என்ன? கடதாசி விளையாட்டில வெண்ட காசு எண்டு சொல்லியிருக்கிறியள்."

எமில்டா நிமிர்ந்து பார்த்தாள். "நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

பாலேந்திராவுக்கு உடனே விளங்கியது. சீட்டு விழுந்தது என்றதை மொழிபெயர்த்தவர் சூதாட்டச் சீட்டாக்கிவிட்டார். இப்போது அவள் சேமிப்புச் சீட்டு என்றால், இரண்டாவது கதை சொல்கிறாள் என்பார்கள். சீட்டுப் பெண்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும், முக்கியமாக இரண்டாவது முறைப் பணத்தைத் தந்தவள் வர வேண்டும் என்றார் அவர்.

விஷயம் கோயிலில் பரவியிருந்தது. பூசை முடிந்து வெளியே வரும்போது முன்பெல்லாம் நாலு பேர் மறித்துக் கவுணைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு விலகினார்கள். பொலிஸ் சும்மா பிடிக்குமோ என்று ஒருத்தி சொன்னதாக யேசுரட்ணத்தின் காதில் விழுந்தது. முற்பணம் கொடுத்திருந்த ஒரு மணப்பெண்ணின் தாய் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். வாசலில் யாராவது தட்டினால் எமில்டா மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாள்.

ஒருநாள் மத்தியானம் தவமலர் வந்தாள். கோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"அக்கா, என்ர பேரைச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"லோண்டரி வேலை தெரிஞ்சால் பெனிபிட்டை வெட்டுவினம். வழக்கையும் கெடுத்து எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். என்ர மனுசன்ர தம்பிமார் ரெண்டு பேரை ஊரில பிடிச்சுக் கொண்டுபோனவை. அங்க போனா அவர் உயிரோட இருக்க ஏலாது. காசு போனாப் போகட்டும் அக்கா, என்ர பேர் மட்டும் வேண்டாம்."

எமில்டா அவளைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். "சொல்லமாட்டன். நீ போய்ப் பிள்ளையளைப் பார்" என்றாள்.

யேசுரட்ணம் ஷிப்ட் முடிந்து வந்து இதைக் கேட்டபோது சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தான்.

"ஆரைக் காப்பாத்திறாய்? நாளைக்கு அவள் எங்களுக்கு வந்து நிப்பாளோ?"

"நிக்காட்டியும் பரவாயில்லை. அவளின்ர மனுசனை அனுப்பிப்போட்டா நான் எப்பிடிப் பிறகு கோயில்ல நன்மை வாங்கிறது?"

அவன் சப்பாத்தைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

பாலேந்திரா பத்ரிநாராயணனுக்குக் கடிதம் எழுதினார். பிழையை ஒப்புக்கொண்டால் பொலிஸ் இனி அவரை வேலைக்குக் கூப்பிடாது என்பதால், வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் நேரில் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க ஊர்லயும் ரெண்டுக்கும் சீட்டுன்னுதான் சார் சொல்லுவோம். அந்த அதிகாரி முதல்லேருந்தே சூதாட்டமா, சூதாட்டமான்னு கேட்டுட்டிருந்தார். எனக்கும் அதே வார்த்தை வந்துடுச்சு. அந்தம்மாவை ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கணும். கோர்ட்டில சொல்றேன்."

காசை வைத்திருக்கும் உத்தரவு இருமுறை நீட்டிக்கப்பட்ட பிறகு, அடுத்த வருட இளவேனிலில் விசாரணை வந்தது. மேடையில் மூன்று நீதவான்கள். நடுவில் நரைத்த கூந்தலுடன் ஒரு பெண். வங்கிச் சிட்டைகள் எமில்டாவின் சேமிப்பைக் காட்டின. நிரந்தர விசா உள்ள மூன்று பெண்கள் சீட்டு எப்படி நடக்கும் என்று சொன்னார்கள். எமில்டா கேட்டபடி, தவமலரின் பேரை அவர்கள் எடுக்கவில்லை. பத்ரிநாராயணன் எழுந்து தன் பிழையைச் சொன்னார். பொலிஸ் தரப்பு வழக்கறிஞர் அவரைக் குடைந்தபோதும் சொன்னதை மாற்றவில்லை. யேசுரட்ணத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு எமில்டா கூண்டில் ஏறினாள். புதிய மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். பொலிஸ் தரப்பு வழக்கறிஞர் கேட்டார்:

"ஒரு முறைப் பணம் உங்களுடையது. இரண்டாவது முறைப் பணத்தை உங்களுக்குத் தந்தவர் யார்?"

"ஒரு பெண்."

"பெயர்?"

"சொல்ல ஏலாது."

"ஏன்?"

"அவவுக்கு வாக்குக் குடுத்தனான்."

"அப்படியானால் அது ஒரு போதைப்பொருள் வியாபாரியின் பணமாகவும் இருக்கலாம், இல்லையா?"

எமில்டா கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். யேசுரட்ணம் சொல்லு என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துப் பதில் சொல்லும்படி கேட்டாள்.

"அது அயர்ன் பண்ணிச் சேர்த்த காசு. அதுக்கு மேல ஒண்டும் சொல்லமாட்டன்."

நீதவான்கள் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். சேமிப்பையும் எமில்டாவின் முறைப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாருடையது என்று சொல்லப்படாத மற்றப் பங்கு அரசாங்கத்துக்குப் போகும். அவ்வளவுதான் தீர்ப்பு.

வெளியே படியில் நின்று பாலேந்திரா சொன்னார், மேல் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத அவகாசம் இருக்கிறது, அந்தப் பெண் வந்தால் வெல்லலாம் என்று.

அந்த மாதத்தின் இரண்டாம் கிழமை தவமலர் தானாகவே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"நான் வாறன் அக்கா. நடக்கிறது நடக்கட்டும்."

"உன்ர கேசுக்கு எப்ப தவணை?"

"வைகாசியில."

"அப்ப வராதே. போனது போகட்டும். உன்ர காசை மாதாமாதம் நான் தாறன்."

தவமலர் வேண்டாம் என்றாள். ஆனால் அந்தக் காசு இல்லாமல் அவளுக்கும் ஏலாது என்பது இருவருக்கும் தெரியும். முதல் மாதம் எமில்டா கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். பிறகு எமில்டா போவதை விட்டுவிட்டு யேசுரட்ணத்திடம் கொடுத்தனுப்பினாள். அவன் முணுமுணுக்காமல் கொண்டுபோனான். ஒருநாள் திரும்பி வந்து, "பாவம், தவமலர் பெடிச்சி எனக்கெண்டு புட்டு அவிச்சு வைச்சிருந்தவள்" என்று மட்டும் சொன்னான்.

சீட்டு அத்தோடு நின்றது. பன்னிரண்டு பேரில் யாரும் திரும்ப நடத்தும்படி கேட்கவில்லை. கேட்டாலும் எமில்டா சம்மதித்திருக்க மாட்டாள். தவமலரின் கணவனுக்கு அந்த வருடக் கடைசியில் நாலு வருட விசா கிடைத்தது. திருப்பிக் கிடைத்த காசில் சொலிசிற்றருக்குப் போனது போக மிஞ்சியதை வைத்து, எமில்டா மிச்சம் பகுதியிலேயே ஒரு கடையின் மேல்மாடியில் அறை எடுத்து, இரண்டு மெஷின் போட்டாள். விலகிப் போன சனத்தில் பாதி திரும்பி வந்தது. துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன தாயும் இளைய மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எமில்டா ஒன்றும் கேட்காமல் அளவெடுத்தாள்.

ஆனால் கீழ்ப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால், அது தபால்காரனாக இருந்தாலும், மெஷின் மிதியிலிருந்து அவள் கால் எழுந்துவிடும். சத்தம் மேலே வந்து, கடந்து, இறங்கிப் போகும்வரை மெஷின் ஓடாது.