பேய் பங்களாவில் மாமாவுக்கு விருந்து

சிகாமட் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் அதன் கதவு திறக்கும். துரைமார் அதை லாட்ஜ் என்றார்கள். அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சகோதரர்கள், ஒன்றாகக் கும்பிட்டு ஒன்றாகச் சாப்பிடுவார்கள் என்று அப்பா விளக்கியிருந்தார். எங்கள் குடியிருப்பில் யாரும் அதை நம்பவில்லை. மலாய்க்காரர்கள் ரூமா ஹந்து என்றார்கள். நாங்கள் பேய் பங்களா என்றோம்.

அப்பா டாக்டர் துரை வீட்டுச் சமையல்காரர். துரையும் அந்தச் சங்கத்தில் ஒருவர் என்பதால் விருந்துச் சமையலும் அப்பா பொறுப்பாயிற்று. பின்கட்டுச் சமையலறையோடு அவர் வேலை முடிந்துவிடும். உள்ளே கொண்டுபோய்ப் பரிமாற வேறொரு ஆள் உண்டு. ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகளில் அப்பா வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்போது எனக்கு எட்டு வயது.

ஜொகூர் பாருவில் கடலுக்குக் குறுக்கே சிங்கப்பூருக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல் நிற்க வேண்டுமானால் அடியில் மனிதத் தலை வைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. தலைகள் பேய் பங்களாவில்தான் சேர்கின்றன, அங்கிருந்து ரயிலில் போகின்றன என்று பக்கத்து வீட்டு அத்தை, துணி துவைத்துக்கொண்டே, நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். புதிதாகச் சேர்பவனைக் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, நெஞ்சில் கத்தியை வைத்து உள்ளே கூட்டிப் போவார்களாம். அத்தை சொன்னவற்றில் இந்தக் கடைசிப் பகுதி ஏறக்குறைய உண்மை என்று வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டேன். அன்று எல்லாவற்றையும் நம்பினேன்.

அந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமா, தன்னை அதில் சேரச் சொல்லி அழைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்.

மாமா எஸ்டேட் ஆபீசில் பெரிய கிராணி, கணக்கு எழுதுபவர்களுக்குத் தலைவர். அவரைப் பத்து வயதில் கப்பலேற்றிக் கூட்டிவந்து, தன் சம்பளத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியவர் அப்பா. ஞாயிறுதோறும் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். இருவரும் ஒரே பாயில் உட்காருவார்கள். அப்பா தன் இலையிலிருந்து மீன் தலையை எடுத்து, "தின்னுடா மச்சான், கணக்கு எழுத மூளை வேணும்ல" என்று மாமா இலையில் போடுவார்.

அம்மா அழுதார். வேண்டாம் என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய துரையே கூப்பிட்டிருக்காரு அக்கா," என்றார் மாமா. "எங்க ஆபீசில துரை முன்னால நான் உக்கார்ந்ததே இல்ல. அங்க எல்லாருக்கும் ஒரே மேசையாம்."

அப்பா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

குறித்த சனிக்கிழமை மத்தியானம் அம்மா மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, பூசாரியிடம் ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கிவந்தார். அதற்குள் மாமா கிளம்பிவிட்டார். என் சின்னத் தம்பிக்குக் காய்ச்சல் வேறு. அம்மாவால் அவனை விட்டு நகர முடியவில்லை. கயிற்றை என் கையில் வைத்து மூடினார்.

"அப்பாகிட்ட குடு. மாமா உள்ள போறதுக்கு முன்னால கட்டிவிடச் சொல்லு. ஓடு."

மேட்டுப் பாதையில் வெயில் இருந்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் பாதி திறந்திருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். உள்ளே மூடிய கதவு ஒன்றின் முன்னால், இடுப்பில் தோல் கட்டிய ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். கையில் உருவிய வாள். பின்கட்டுக்கு ஓடி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

அப்பா வழக்கமான அழுக்குச் சட்டையில் இல்லை. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பரிமாறும் ஆளுக்குக் குளிர்காய்ச்சலாம், இன்று அப்பாவே பரிமாற வேண்டுமாம். கயிற்றைக் காட்டினேன். மாமா அப்போதே உள்ளே போய்விட்டதாகச் சொல்லி, அதை வாங்கி அடுப்புத் திண்டில் வைத்தார்.

"வாளு வச்சிருக்காங்கப்பா."

"சத்தம் போடாதே," என்றார் அப்பா.

அப்போது உள்ளேயிருந்து மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், நீளமாக, பூசாரி மந்திரம் சொல்வதுபோல. பிறகு சத்தமே இல்லை. அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. மறுபடியும் மூன்று தட்டு. திடீரென்று பல கைகள் ஒரே நேரத்தில் அறைந்த ஓசை. அவ்வளவுதான், மாமா செத்துப்போனார் என்று நினைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பா கத்தியால் ரொட்டியை வெட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் உள்கதவிலேயே இருந்தது. அப்பாவும் பக்கத்து வீட்டு அத்தையை நம்பியிருக்கிறார் என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்காயிற்று.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கதவுகள் திறந்தன. பேச்சும் சிரிப்புமாகப் பலர் சாப்பாட்டு அறைக்குள் வந்தார்கள். கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். மாமா இருந்தார். தலையோடு இருந்தார். இரவல் கறுப்புக் கோட்டில், முகமெல்லாம் வேர்வையும் சந்தோஷமுமாக. பெரிய துரை தன் பக்கத்து நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தார். துரைமார் ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

அப்பா சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் நின்று, குனிந்து, "சூப்பு, துவான்?" என்று கேட்டு ஊற்றினார். துவான் என்றால் மலாயில் எஜமான். ஒரு துரை, இன்னொரு துரை, டாக்டர் துரை. பிறகு மாமா.

அப்பா அங்கேயும் நின்றார். அங்கேயும் குனிந்தார்.

"சூப்பு, துவான்?"

மாமா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கப் போனார், பாதி எழுந்தும்விட்டார். பெரிய துரை பேச்சை நிறுத்தாமலே அவர் தோளில் கைபோட்டு அன்பாக அழுத்தினார். மாமா உட்கார்ந்தார். அப்பா ஊற்றினார். ஒரு சொட்டுகூட மேசைவிரிப்பில் சிந்தவில்லை.

நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு நேரம் அடக்கிவைத்த பயமெல்லாம் சிரிப்பாக வந்தது. அப்பா மாமாவைத் துவான் என்கிறார்! அதைவிட வேடிக்கை நான் அதுவரை கேட்டதில்லை. விருந்து முடிந்து அப்பா என் கையைப் பிடித்து மேட்டைவிட்டு இறங்கியபோது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் பாதையைப் பார்த்து நடக்கச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. மாமா ஒரு டின் பிஸ்கட்டோடு வந்தார். அம்மா அவர் தலையையும் கழுத்தையும் தடவிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயை விரித்து இரண்டு இலை போட்டார். மாமா உட்கார்ந்தார். அப்பா உட்காரவில்லை. குழம்புச் சட்டியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க சாப்பிடுங்க மச்சான். நான் அப்புறமா சாப்பிடுறேன்."

அப்பா மாமாவை நீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"உக்காருங்க அத்தான்," என்றார் மாமா. குரல் மிகச் சின்னதாக இருந்தது. "சேர்ந்து சாப்பிடலாம்."

அப்பா குனிந்து குழம்பை ஊற்றினார். மாமா இலையைப் பார்த்துக்கொண்டே பிசைந்தார். மாமா உயிரோடு வந்திருக்கும் நாளில் ஏன் எல்லாரும் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவர்களைச் சிரிக்கவைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"அப்பா, மாமாவை இன்னொரு தடவை துவான்னு கூப்பிடுங்க."

அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். விருந்தில் நடந்ததை அம்மாவுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமா பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து, கை கழுவப் பின்பக்கம் போனார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்பா சட்டியைப் பிடித்தபடி அந்த இலைக்குப் பக்கத்திலேயே நின்றார். இருவரில் யாராவது ஒருவர் இப்போது சிரிப்பார் என்று நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.